பின்னந்தலைக்கு எட்டாத கை

பூ வைத்துவிடச் சொல்லி முதுகைத் திருப்பிக் காட்டும் என் ஜெசிக்கு,

உன் முதல் வருட நினைவுப் பூசை போன வாரம் முடிந்தது. கோயிலில் உன் பெயரை வாசித்தபோது, ஜெசிந்தா என்ற முழுப்பெயரைக் கேட்டு யாரோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது கடிதத்துக்கு என்ன வேலை? ராஜகீழ்ப்பாக்கத்தில் என் கடை, சேலையூரில் உன் வீடு. பேச வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய்.

இன்று காலை நடந்த ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் சொல்ல வரவில்லை. ஊர்க்கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்.

நம் கேம்ப் ரோடு சிக்னலில் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. மழை வந்தால் என் கடை வாசலில் கணுக்கால் தண்ணீர், அதுவும் அப்படியேதான். உன் வீட்டுக்காரர் சேவியர் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். புளி தூக்கலாக இருக்கிறது. நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, மனுஷன் ஆசையாக வைக்கிறார். உன் மகள் ஷெரின் கல்லூரியில் இரண்டாம் வருடம். உன்னைப் போலவே கணக்கு, உன்னைப் போலவே எதிர்க்கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்குத்தான் வருகிறாள். "பெரியம்மா, பசிக்குது" என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவாள்.

நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒருத்தி குழாய், வால்வு விற்கிற கடைக்காரி. இன்னொருத்தி கணக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. கேம்ப் ரோடு பக்கத்து நீச்சல் குளத்தில், பெண்களுக்கான நேரத்தில் சந்தித்துக்கொண்டோம். நீ முதுகுவலி போக வந்தாய், நான் உடம்பு குறைக்க வந்தேன். உனக்கு வலியும் போகவில்லை, எனக்கு உடம்பும் குறையவில்லை. ஆனால் பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா போன இடத்தில், சும்மா பார்ப்போமே என்று முதுகில் காற்று டேங்க் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டு ஏறியபோது, நீ மூக்கில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்காமல் சொன்னாய்.

"அக்கா, கீழ போயிட்டா நம்மள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

வீட்டில் சாப்பாடு என்ன, இஸ்திரிக்குப் போட்ட சட்டை எங்கே, பரீட்சைத் தாள் திருத்தியாச்சா என்று காலையிலிருந்து கேள்விக்கு நடுவிலேயே வாழ்ந்தவள் நீ. எனக்கும் அதே கதைதான். அன்று அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சில வருடங்களில் இரட்டை டேங்க் வரைக்கும் வந்துவிட்டோம். கடையில் வால்வு வாங்க வருகிறவர்களிடம் நான் அதைப் பற்றி அடிக்காத தம்பட்டம் இல்லை. முதுகில் இரண்டு டேங்க், தலைக்குப் பின்னால் இரண்டையும் இணைக்கிற குழாய், வலப்பக்கம் ஒரு வால்வு, இடப்பக்கம் ஒரு வால்வு, நடுவில் ஒன்று. மூச்சு விட வாயில் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அவசரத்துக்கு, இடது வால்விலிருந்து வரும் இன்னொன்று கழுத்தில் தொங்கும். வலப்பக்கம் காற்று கசிந்தால் வலது வால்வை மூடிவிட்டு, கழுத்தில் இருப்பதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, பதறாமல் மேலே வரலாம். பதறி விர்ரென்று மேலே ஏறுவதுதான் கசிவைவிட ஆபத்து.

இதில் ஒரே கஷ்டம், வால்வு கண்ணுக்குத் தெரியாது. கையை உயர்த்தி, மடக்கி, பின்னந்தலைக்குக் கொண்டுபோய்த் தடவித்தான் திருக வேண்டும். நம்மோடு பயிற்சிக்கு வந்த ஆண்கள் அந்த இடத்தில் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். நீ ஒரே தடவையில் மூன்று வால்வையும் மூடித் திறந்துவிட்டு, "இது பூ வைக்கிற கைதானேக்கா" என்றாய். சொல்லிக்கொடுத்தவரே அசந்துபோனார்.

அன்றிலிருந்து நமக்குள் அந்தப் பயிற்சிக்குப் பெயரே பூ வைப்பது என்றாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இறங்குவதற்கு முன் நான் "பூ வச்சாச்சா?" என்று கேட்பேன். நீ கையைப் பின்னால் கொண்டுபோய் மூன்றையும் தொட்டுக் காட்டிவிட்டு "வச்சாச்சு" என்பாய். பிறகு நீ கேட்பாய், நான் காட்டுவேன்.

எப்போது என்று தெரியவில்லை, தொட்டுக் காட்டுவது நின்றுபோய்க் கேட்பதும் சொல்வதும் மட்டும் மிச்சமாகிவிட்டது. நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் பட்டினி கிடப்பவனும் ஆச்சு என்றுதான் சொல்வான். நம் பூவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டே என் மாஸ்க்கைத் துடைப்பேன். நீ வச்சாச்சு என்று சொல்லிக்கொண்டே கடலைப் பார்ப்பாய்.

அதே நாட்களில்தான் நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடைக்கு வந்து, பையிலிருந்து பூப்பொட்டலத்தை எடுத்து நீட்டி, "பரமுக்கா, கொஞ்சம் வச்சு விடுங்க" என்று முதுகைத் திருப்ப ஆரம்பித்தாய். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. குழாய்ப் பசை ஒட்டின கையைத் துடைத்துவிட்டு வைத்துவிடுவேன். எனக்குத் தங்கை கிடையாது. கூடப்பிறந்த தங்கை இருந்தால் இப்படித்தான் உரிமையாகத் தலையைக் கொடுப்பாள் என்று நினைத்து, நீ போன பிறகும் கொஞ்ச நேரம் எனக்கு மனசு நிறைந்திருக்கும். பூ வாங்கிய இடத்திலேயே, வீட்டிலேயே ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நாளாவது தோன்றியதா எனக்கு?

பிறகு முடியை வெட்டிக்கொண்டு வந்தாய். "மாஸ்க் பட்டையில சிக்குதுக்கா" என்றாய். "கிராப்பு வச்ச டீச்சருக்கு எந்தப் புள்ளடி பயப்படும்?" என்று கேலி பண்ணினேன். நீயும் சிரித்தாய். பின்னல் போட உனக்குக் கை ஏறவில்லை என்பதை, பின்னாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சேவியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கே அப்போதுதான் புரிந்ததாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது. கோவளத்திலிருந்து படகு. கடலடியில் மூழ்கிக் கிடக்கிற அந்தப் பழைய இரும்புப் படகைப் பார்க்க வேண்டும் என்பது உன் நெடுநாள் ஆசை. தண்ணீர் அன்று தெளிவு. நான் முன்னால், நீ கொஞ்சம் பின்னால். திடீரென்று சோடாப் புட்டியை உடைத்தமாதிரி ஒரு சத்தம். திரும்பினால் உன் தலைக்குப் பின்னால் குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தன. வலது வால்விலிருந்து வரும் காற்றுக் குழாய் பிய்த்துக்கொண்டுவிட்டது.

உன் வலது கை எழுந்தது. காதுவரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி முயன்றாய், மறுபடியும் காதுதான். நான் காலை உதைத்து உன்னிடம் வந்துகொண்டிருந்தேன். உன் கண்ணில் பயம் இல்லை ஜெசி. கூச்சம்தான் இருந்தது. நான் பக்கத்தில் வந்ததும் நீ எந்தச் சைகையும் காட்டவில்லை. மெதுவாக முதுகைத் திருப்பித் தலையைக் கொஞ்சம் குனிந்தாய்.

கடையில் தினமும் நிற்பாயே, அதே மாதிரி நின்றாய்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூப்பொட்டலம், தொட்டுக் காட்டாத வால்வு, எல்லாம். வலது வால்வை நான் மூடினேன். கழுத்து ரெகுலேட்டரை நீ வாயில் வைத்துக்கொண்டாய். குமிழி நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிற்க வேண்டிய ஆழத்தில் நிற்க வேண்டிய அளவு நின்று, ஒழுங்காக மேலே வந்தோம். பாடத்தில் இருக்கிற மாதிரியே எல்லாவற்றையும் செய்தோம்.

படகில் ஏறியதும் நான் பேசியதுதான் பாடத்தில் இல்லாதது.

"கை ஏறலன்னு ஏன்டி சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டு வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்க்கா சொல்லல."

"நான் பத்தடி தள்ளிப் போயிருந்தா? உன் பொண்ணுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"

நீ ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாய், இடது கையால். படகுக்காரர் என்ஜினைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கரைக்கு வரும்வரை நான் விடவில்லை. தன் வால்வைத் தானே மூட முடியாதவள் இரட்டை டேங்கில் இறங்கக்கூடாது, இது நான் போட்ட சட்டமில்லை, உலகம் பூராவும் இதுதான் என்றேன். நான் சொன்னது சரிதான். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். சரியாகச் சொல்லிவிட்டு ஒரு மனுஷி இவ்வளவு வருத்தப்பட முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஏன் மறைத்தாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டேனே தவிர, எங்கே வலிக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நீதான் சமாதானத்துக்கு வந்தாய். கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ஒத்த டேங்க்ல போலாமாக்கா? கரையோரமா, இருபதடியில. அதுல பின்னாடி கை எட்ட வேண்டியதில்லையே" என்றாய். அதற்கு ஒரு சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. உன்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டு வந்திருக்கலாம். நான் பில் எழுதிக்கொண்டே, "முதல்ல கை சரியாவட்டும், பாப்போம்" என்றேன். கோபம் ஆறாமல் சொன்ன பதில் அது. உனக்கும் அது தெரிந்திருக்கும். சரிக்கா என்று எழுந்து போய்விட்டாய்.

கை சரியாகவில்லை. சுகர் இருந்தால் தோள் இறுகும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தைலம் தேய்த்தால் விடும் என்றாள் உன் நாத்தனார். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. நீயும் எல்லாவற்றையும் தேய்த்தாய். கடைசியில் ஸ்கேன் எடுத்த அன்று நானும் வந்திருந்தேன். நோய் தோளில் ஆரம்பிக்கவில்லை, வேறு இடத்தில் பிறந்து எலும்புக்கு வந்திருக்கிறது என்று அந்த டாக்டர் அம்மா சொன்னார். அதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"கை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

சேவியர் என்னைப் பார்த்தார். நான் சேவியரைப் பார்த்தேன். உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் அவர். உன்னோடு கடலடிக்குப் போய் வந்தவள் நான். எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. நீதான் சொன்னாய்.

"போன கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டும்போதே வலிச்சுது டாக்டர்."

முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, நிஜமாகவே சொல்ல முடியாதா? அந்த ஸ்டூலில் நீ உட்கார்ந்திருந்த அன்றே கேட்டிருந்தால்? அதற்கும் முன்னால், முதல் தடவை பூப்பொட்டலத்தை நீட்டினாயே, அன்றே கேட்டிருந்தால்?

கடைசியில் நீ படுக்கையோடு படுக்கையாக இருந்தபோது ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஒத்த டேங்க் என்னாச்சுக்கா?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். "எழுந்து வா, நாளைக்கே போலாம்" என்றேன். இரண்டு பேருமே பொய் என்று தெரிந்துதான் சிரித்தோம். அதை என்னால் மறக்க முடியவில்லை. உன்னிடம் கேட்டால் மன்னித்துவிட்டேன் என்பாய். கேட்க நீ இல்லை.

இனி இன்று காலைக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாக எனக்கும் வலது கை ஏறவில்லை, ஜெசி.

முதலில் கண்டுபிடித்தது நம் பிளம்பர் குமார்தான். ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கப்போனேன், பாதியில் கை நின்றுவிட்டது. "இன்னாக்கா, கையி தூக்க மாட்டுதா? நீ எறங்கு, நான் எட்த்துக்கறேன்" என்றான். "ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன், சுளுக்கு" என்று சட்டென்று சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, அதுவாகவே வந்தது. அதன் பிறகு வீட்டில் கேட்டவர்களுக்கும் அதே சுளுக்குதான். அடுத்த ஞாயிறு நம்மோடு கடலுக்கு வரும் பெண்களோடு இரட்டை டேங்கில் போவதாக இருந்தது. பூ வச்சாச்சாக்கா என்று, நம்மிடம் பழகியபடி, அவர்களும் கேட்பார்கள், வச்சாச்சு என்று சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். யாரைச் சொல்கிறேன்? உன்னை அந்தப் படகில் வைத்து அவ்வளவு பேச்சுப் பேசிய இந்தப் பரமேஸ்வரியைத்தான் சொல்கிறேன்.

நீ ஏன் சொல்லவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. கடலை விட்டுவிடப் பயம் ஒரு பங்கு. டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம் மூன்று பங்கு. சொல்லாத வரைக்கும் அது வெறும் சுளுக்கு. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பதை, அன்று படகில் உன் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டியவள் நான்.

காலையில் குளித்துவிட்டு, வாங்கி வைத்திருந்த முல்லையை வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன்னால் நின்றேன். கை காதுவரைக்கும் வந்து நின்றது. இடது கையால் எப்படியோ ஒப்பேற்றப் பார்த்தேன், ஊசி கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஷெரின் உள்ளே வந்தாள். அவளைக் கண்ணாடியில் பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை, பூவை அவளிடம் நீட்டினேன்.

"கொஞ்சம் வச்சு விடுடி."

திரும்பி நின்று தலையைக் குனிந்தேன். அவள் ஊசியைக் குனிந்து எடுத்தாள். பூவைத் தலையில் வைத்த கை அப்படியே நின்றது.

"பெரியம்மா, கை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

சுளுக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. உன் மகள் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உன் கண் அது. அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஆடியில் ஆரம்பித்தது என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. ஃபோனை எடுத்து அந்த டாக்டர் அம்மாவிடமே நாளைக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெறும் தோள் இறுக்கமாகவும் இருக்கலாம், என் வயதுக்கு அது சகஜம்தான் என்று ஷெரின் சொல்கிறாள். இருந்தாலும் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

அடுத்த ஞாயிறு நான் வரவில்லை, கை ஏறவில்லை என்று கடலுக்கு வரும் பெண்களுக்கு மதியமே சொல்லிவிட்டேன். இனி பூ வச்சாச்சா என்று நான் யாரையும் கேட்கப்போவதில்லை. திரும்பி நில், கையைத் தூக்கிக் காட்டு என்றுதான் சொல்வேன். டாக்டர் அனுமதித்தால் கோவளத்தில் கரையோரம், ஒற்றை டேங்கில், இருபதடியில் இறங்குவேன். ஷெரின் நீச்சல் பழகிவிட்டாள், உன் மாஸ்க் அவளுக்குச் சரியாக இருக்கிறது. உனக்குத் தர வேண்டியதை அவளுக்குக் கொடுத்தால் ஈடாகாது என்று தெரியும். ஆனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன், இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

நாளை காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கை எத்தனை நாளாக இப்படி என்று அந்த அம்மா கேட்பார். எனக்கு நாக்கு எழாவிட்டாலும், பதில் தெரிந்த ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உன் பரமுக்கா